ஆவரேஜ் போட்டா பொய் உண்மையாயிடுமா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீசுல ஆணி ஜாஸ்தி, சனி ஞாயிறு ஆனா மலை மேல வேலை. அதான் கடை பூட்டிக் கெடந்துச்சு.

இன்னிக்கு ஒரு சண்டை போடத்தான் கடையைத் தெறந்திருக்கேன். யார் கூடன்னு கேக்குறீங்களா? மொத ஆள் நானே தான். போன வருஷம் இதே வலைப்பூவுல ஒரு பதிவு போட்டிருந்தேன். ஞாபகம் இருக்கும். "ஆர்டுயினோல ரீடிங் ஆடுதா? கவலைய விடுங்க, 64 தடவை படிச்சு ஆவரேஜ் போடுங்க, கோடு போட்ட மாதிரி நிக்கும்"னு. பின்னூட்டத்துல "சூப்பர் தல", "ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன்"னு ஒரே பாராட்டு மழை. ரெண்டு மூணு பேரு அவங்க பக்கத்துலயும் எடுத்துப் போட்டாங்க.

அந்தப் பதிவு தப்பு. பாதி தப்பு இல்ல, முழுத் தப்பு. அதால நட்டப்பட்டது நான் இல்ல, எங்க மாமா. அதனால தான் இவ்ளோ கோவம்.

கதைய மொதல்ல சொல்லிடுறேன்.

எங்க ஊரு ராசிங்காபுரம். போடிக்குப் பக்கம். எங்க ஊருக்காரங்களுக்கு ரெண்டு ஊரு உண்டு, கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. வெள்ளன ஜீப்புல ஏறினா போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டம். மாமாவுக்கு பூப்பாறை பக்கம் கொஞ்சம் தோட்டமும், சின்னதா ஒரு ஸ்டோரும் இருக்கு. (வெளியூர் மக்களுக்கு: ஸ்டோர்னா மளிகைக் கடை இல்லீங்க. பறிச்ச ஏலக்காய சூடு போட்டு காய வைக்கிற கட்டடம்.) அடுப்புல விறகு எரியும், சூடான குழாய் ரூமுக்குள்ள ஓடும், தட்டுல பரப்பின காய் மெல்ல மெல்ல காயும். ஒரு லோடு காய கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். நாலஞ்சு கிலோ பச்சைக்காய் உள்ள போனா ஒரு கிலோ காஞ்ச காய் வெளிய வரும். சூடு பெரும்பாலும் 45-லருந்து 50 டிகிரி பக்கம் நிக்கணும். அதிகமானா பச்சை நிறம் போகும். கொறஞ்சா ஈரம் தங்கிப் பூசணம் புடிக்கும். ஏலத்துல நிறத்துக்குத் தான் காசு. இது எங்க ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

அந்த ஸ்டோர்ல ஒரு பெரியவரு இருக்காரு. எத்தனையோ வருஷமா அவரு தான் தீ போடுறாரு. சுவத்துல தொங்குற தெர்மாமீட்டர் ஒண்ணு, அவரு கை ஒண்ணு, ரெண்டே கருவி. நான் போயி "மாமா, இது என்ன காலம், டிஜிட்டலா வச்சிருவோம்"னு சொன்னேன். ஒரு ஆர்டுயினோ, ஒரு எல்எம்35 சென்சார், ஈரக்காத்த வெளிய தள்ள 12 வோல்ட் ஃபேன் ஒண்ணு, அதோட வேகத்த மாத்த ஒரு மாஸ்ஃபெட் போர்டு, பெருசா எண்ணு தெரியுற டிஸ்ப்ளே. வீட்டு மேசை மேல வச்சுப் பாத்தப்ப சும்மா கிண்ணுனு ஓடுச்சு.

மேல கொண்டுபோயி மாட்டினேன். ரீடிங் பேயாட்டம் ஆடுச்சு. 47, 54, 47, 53, 54, 47. மாமா பாத்துட்டு "என்ன மாப்ள, இதுக்கும் காய்ச்சலா?"ன்னாரு. மானம் போச்சு. உடனே நம்ம பிரம்மாஸ்திரம்: 64 தடவை படி, கூட்டு, 64-ஆல வகு. அம்புட்டுத்தான். 50, 50, 50. அசையல. மாமா முகத்துல சிரிப்பு. நான் காலர தூக்கி விட்டுட்டு கீழ எறங்கிட்டேன்.

ரெண்டு லோடு அந்த 50-ஐ நம்பி ஓடுச்சு. ரெண்டாவது லோடு அன்னிக்கு நானும் அங்க இருந்தேன். பெரியவரு ஒரு கை காய அள்ளிக் காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாத்தாரு. "தம்பி, சத்தம் பத்தல. இன்னும் காயல"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயா, ஸ்க்ரீன்ல 50 நிக்குது பாருங்க. நேரம் ஆச்சு, எறக்குங்க." மனுசன் ஒண்ணும் பேசல, எறக்கிட்டாரு.

வியாபாரி ஈரம்னு திருப்பிட்டாரு. மறுபடி காய வச்சாங்க, நிறம் போச்சு. கிலோவுக்கு என்ன அடி வாங்குச்சுன்னு மாமா எங்கிட்ட சொல்லவே இல்ல. அதான் இன்னும் வலிக்குது.

அப்புறம் தான் புத்தி வந்து, பழைய தெர்மாமீட்டர எடுத்து சென்சார் பக்கத்துலயே தொங்க விட்டேன். அது 47 காட்டுச்சு. நம்ம டிஜிட்டல் சாமி 50 காட்டுச்சு. ஆடாம, அசையாம, ரொம்ப நம்பிக்கையா, பொய்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். கணக்கு ரொம்ப சிம்பிள், பயப்படாதீங்க.

ஏடிசின்னா அனலாக் வோல்ட்டேஜ எண்ணா மாத்துற தராசு. சாதா ஆர்டுயினோ ஊனோல அது 10 பிட். அதாவது 0-லருந்து 5 வோல்ட் வரைக்கும் 1024 படி. ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் குடுக்கும். ஆக ஒரு படி ஆடினாலே அரை டிகிரி ஆட்டம். அரை டிகிரி ஆடினா மன்னிக்கலாம். ஏழு டிகிரி ஆடினா அது ஆட்டம் இல்ல, யாரோ கதவத் தட்டுறாங்கன்னு அர்த்தம்.

தட்டினது யாரு? நான் மிச்சம் புடிச்ச ஒரு வயரு. போர்டுல இருந்து ரூமுக்குள்ள வயர் இழுக்கும்போது, சென்சாருக்கும் ஃபேனோட மாஸ்ஃபெட் போர்டுக்கும் கிரவுண்ட் ஒண்ணு தானே, எதுக்கு ரெண்டு வயருன்னு ஒரே வயர ரெண்டு மீட்டருக்கு ஓட்டியிருந்தேன். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரு. அதோட ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்கு சுமார் 0.034 ஓம். ரெண்டு மீட்டருக்கு 0.068. "ப்பூ, இதெல்லாம் ஒரு ரெசிஸ்டன்ஸா"ன்னு தோணுதுல்ல? அதுல ஃபேனோட ஒரு ஆம்பியர் ஓடினா 68 மில்லிவோல்ட். நம்ம சென்சார் பாஷையில 6.8 டிகிரி!

அதாவது ஃபேன் ஓடுற நேரத்துல சென்சாரோட தரையே 68 மில்லிவோல்ட் மேல தூக்கிடுது. போர்டு பாவம், தன்னோட தரையில நின்னு அளக்குது. மேடு மேல நிக்கிறவன பள்ளத்துல நின்னு உயரம் அளந்தா? அதே கதை.

ஃபேன பிடபிள்யூஎம்-ல பாதி வேகத்துல ஓட்டுனேன். ஆர்டுயினோல அது விநாடிக்கு 490 தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகுறது. ஆன் ஆகும்போது படிச்சா 54 பக்கம். ஆஃப் ஆகும்போது படிச்சா 47. பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப், ஆவரேஜ் 50.4. டிஸ்ப்ளேல 50.

இப்ப கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. ஆடிக்கிட்டு இருந்த அந்த ரீடிங்குல 47-ங்கிற உண்மை கண்ணு முன்னால இருந்துச்சு. ரெண்டுல ஒரு தடவை உண்மையச் சொல்லிக்கிட்டு தான் இருந்துச்சு. நான் தான் அதையும் பொய்யையும் ஒரே பாத்திரத்துல ஊத்திக் கலக்கி, ரெண்டும் இல்லாத ஒரு 50-ஐ செஞ்சு சுவத்துல மாட்டினேன். அந்த ரூமுக்குள்ள எந்த மூலையிலயும் 50 டிகிரி கிடையாது. என் ஃபார் லூப்புக்குள்ள மட்டும் தான் இருந்துச்சு.

பாதி உண்மை, பாதி பொய் கலந்தா நடுநிலை வராதுங்க. நல்லா டிரஸ் பண்ணின பொய் தான் வரும்.

இது தான் என் சண்டை. ஆடுற ரீடிங்க விட ஆடாத தப்பு ரீடிங் ஆபத்து. ஆடுற எண்ணப் பாத்தா பெரியவரு நம்ப மாட்டாரு, தன் கையத் தான் நம்புவாரு. நான் அந்த எச்சரிக்கைய அழிச்சுட்டு, அவரு காதையும் சேத்து அடைச்சுட்டேன்.

"எல்லாரும் ஆவரேஜ் போடுறாங்களே, அவங்கெல்லாம் முட்டாளா?"ன்னு ஒரு பின்னூட்டம் வரும்னு தெரியும். இல்லீங்க. ஆவரேஜுக்குன்னு ஒரு எடம் இருக்கு. நாய்ஸ் நிஜமாவே குருட்டாம்போக்கா, மேலயும் கீழயும் சமமா ஆடினா, 64 தடவை படிச்சா ஆட்டம் எட்டுல ஒண்ணாக் கொறையும் (64-க்கு வர்க்கமூலம் 8). நாலு மடங்கு அதிகமா படிச்சா ஒரு பிட் துல்லியம் கூடுதலா கெடைக்கும்னு சொல்றதும் இந்த நிபந்தனையோட தான். கரண்டுல இருந்து வர்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்னா, சரியா 20 மில்லிசெகண்டுக்குப் பரப்பி படிச்சு ஆவரேஜ் போட்டா அழகா அடிபடும். ஆனா என் ஸ்டோர்ல இருந்தது குருட்டு ஆட்டம் இல்ல, ஒரே பக்கமா தள்ளுற ஆட்டம். மேல மட்டும் தான் தள்ளுச்சு. அத 64 இல்ல, 64 லட்சம் தடவை படிச்சாலும் 50 தான் வரும். இன்னும் உறுதியான 50.

நாய்ஸ் எந்த ஜாதின்னு தெரியாம ஆவரேஜ் போடுறது, காய்ச்சல் எதனாலன்னு பாக்காம மாத்திரை முழுங்குற மாதிரி. சூடு எறங்கும், வியாதி அங்கயே இருக்கும்.

ஏடிமெகா328பி சிப்போட டேட்டாஷீட்டுல ஏடிசி நாய்ஸ கொறைக்கன்னே ஒரு சின்னப் பகுதி இருக்கு. அனலாக் வயர முடிஞ்ச வரைக்கும் சின்னதா வை, வேகமா மாறுற டிஜிட்டல் லைன்கிட்ட இருந்து தள்ளி வை, அனலாக் பவர் பின்னுக்கு இண்டக்டர் கெப்பாசிட்டர் போட்டு வடிகட்டிக் குடு, படிக்கும்போது சிப்ப தூங்க வச்சுப் படி, பக்கத்து பின்ன அந்த நேரத்துல மாத்தாத. இவ்ளோ தான். அந்த லிஸ்ட்ல ஆவரேஜ் இல்ல. சிப்ப செஞ்சவனே மொதல்ல வயரத் தான் பாக்கச் சொல்றான். நாம மட்டும் ஏன் மொத வரியிலயே லூப்புக்கு ஓடுறோம்? காரணம் ஒண்ணே ஒண்ணு தான். நமக்கு கோடு எழுதத் தெரியும், ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஏணி மேல ஏற சோம்பல்.

"சும்மா ஹாபிக்கு பண்றோம், இதுக்குப் போயி இவ்ளோ அலட்டலா?" இதுவும் வரும். உங்க மேசை மேல இருக்கிற வரைக்கும் தான் அது ஹாபி. இன்னொருத்தர் சோத்துல கை வைக்கிற எடத்துல அத மாட்டின நிமிசம் அது ஹாபி இல்ல.

"எங்கிட்ட ஆஸிலோஸ்கோப் இல்லியே?" எங்கிட்டயும் இல்ல. தேவையும் படல. நான் கடைசில கண்டுபுடிச்ச வழி இது தான், ஒரு சாதா மல்டிமீட்டரும் ஒரு பென்டார்ச் செல்லும் போதும்:

ஒண்ணு. ஆவரேஜ் கோட மொதல்ல தூக்குங்க. கச்சா எண்ண அப்படியே பிரிண்ட் பண்ணுங்க. ஒரு நிமிசத்துல பெருசு எது, சின்னது எது, நடுவுல எதாச்சும் இருக்கான்னு பாருங்க. ரெண்டே எடத்துல மாத்தி மாத்தி குதிச்சா எதோ ஒரு ஸ்விட்ச் வேலை நடக்குதுன்னு அர்த்தம். எங்கிட்ட 47-ம் 54-ம் தான் இருந்துச்சு, நடுவுல ஆளே இல்ல. அத மொத நாளே பாத்திருந்தா மாமா தப்பிச்சிருப்பாரு.

ரெண்டு. சென்சாரக் கழட்டிட்டு அந்த எடத்துல 1.5 வோல்ட் செல்ல மாட்டுங்க, போர்டுகிட்டயே, குட்டி வயர்ல. 5 வோல்ட் ரெஃபரன்ஸ்னா 307 பக்கம் நிக்கணும் (புது செல்னா கொஞ்சம் மேல). செல்ல விட அமைதியான ஆள் கெடையாது. செல்லுக்கே ரீடிங் ஆடினா கோளாறு போர்டுலயோ பவர்லயோ. ஆடலைன்னா போர்டு நல்ல புள்ள, கோளாறு வெளிய.

மூணு. ஒவ்வொண்ணா அணைங்க. ஃபேன், ரிலே, டிஸ்ப்ளே, சார்ஜர். எத அணைச்சதும் ஆட்டம் நிக்குதோ அவன் தான் திருடன். நான் ஃபேன அணைச்சேன், ரீடிங் 47-ல கல்லு மாதிரி நின்னுச்சு. ஒரு வரி கோடு எழுதல.

நாலு. மல்டிமீட்டர மில்லிவோல்ட்ல வச்சு, ஒரு முள்ள போர்டோட கிரவுண்ட்ல, இன்னொண்ண சென்சாரோட கிரவுண்ட்ல வைங்க. ரெண்டும் ஒரே வயர் தானே, சைபர் காட்டணும். எனக்கு 34 காட்டுச்சு. மீட்டரும் ஆவரேஜ் தான் காட்டும், அதான் 68-ல பாதி. 34 மில்லிவோல்ட்னா 3.4 டிகிரி. கணக்கு நேராயிடுச்சு.

அஞ்சு. பவர மாத்திப் பாருங்க. 5 வோல்ட்ட ரெஃபரன்ஸா வச்சிருந்தா, அது 4.7-க்கு எறங்கினா 50 டிகிரி 53-ன்னு தெரியும். இதுவும் ஒரு ஆடாத பொய் தான். எல்எம்35-க்கு சிப்புக்குள்ள இருக்கிற 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் நல்லது, படியும் சுமார் 0.1 டிகிரியா சின்னதாயிடும். ஆனா அந்த 1.1 சிப்புக்கு சிப்பு மாறும், ஒரு தடவை அளந்து கோடுல போட்டுக்கணும். (அந்த நேரத்துல 1.5 வோல்ட் செல்ல நேரா மாட்டாதீங்க, அளவத் தாண்டிடும்.)

வைத்தியம்? சென்சாருக்குத் தனியா ஒரு கிரவுண்ட் வயர், ஃபேனுக்குத் தனியா தடியா ஒண்ணு, ரெண்டும் பவர் வர்ற எடத்துல மட்டும் சந்திக்கணும். வயர் நீளமா இருந்ததால, டேட்டாஷீட்டுல சொன்ன மாதிரி எல்எம்35 முனையில 75 ஓமும் 1 மைக்ரோஃபாரடும் சீரியஸா, அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல. மொத்த செலவு ஒரு டீ வடை காசு. வயருக்குக் காசு மிச்சம் புடிச்சு நான் பண்ணின நட்டத்துக்கு ஒரு வருச டீ குடிச்சிருக்கலாம்.

இதெல்லாம் முடிச்சு ஒரு சாயங்காலம் ஊருக்குத் திரும்பினப்ப, மேற்கால மலையப் பாத்துக்கிட்டே ஒண்ணு தோணுச்சு. எங்க ஊருக்குப் பக்கத்துல பொட்டிப்புரம் இருக்கு. அங்க அம்பரப்பர் மலைக்கு அடியில நியூட்ரினோ ஆய்வகம் கட்டணும்னு திட்டம் போட்டு, 2015-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது உங்களுக்குத் தெரியும். ஊரே எதிர்த்துச்சு, கோர்ட்டு, பசுமைத் தீர்ப்பாயம்னு போச்சு, 2022-ல தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்துல வேணாம்னு சொல்லிடுச்சு. அது வேணுமா வேணாமாங்கிறது வேற சண்டை, அத இந்தப் பதிவுல இழுக்காதீங்க. எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி.

நான் சொல்ல வந்தது வேற. ஏன் மலைக்கு அடியில? 50,000 டன் இரும்பு டிடெக்டர சமவெளியில வச்சிருக்கலாமே? வானத்துல இருந்து மியூவான் துகள் மழையாப் பெய்யுது. உங்க உள்ளங்கையில விநாடிக்கு ஒண்ணுங்கிற கணக்குல விழுது. அந்த இரைச்சல்ல நியூட்ரினோவோட முனகல் கேக்காது. தலைக்கு மேல ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தா அந்த மழை பத்து லட்சத்துல ஒரு பங்காக் கொறையும். அதான் காரணம். 1965-ல கோலார் தங்கச் சுரங்கத்துல, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழ எறங்கித் தான் வளிமண்டல நியூட்ரினோவ மொத மொதல்ல புடிச்சாங்க, அதே காரணம் தான்.

உலகத்துலயே பெரிய பெரிய மூளைக்காரங்க, எல்லா ஃபில்டரும் தெரிஞ்சவங்க, "மேலயே வச்சு சாஃப்ட்வேர்ல கழிச்சுக்குவோம்"னு சொல்லல. மொதல்ல பாறை, அப்புறம் எலக்ட்ரானிக்ஸ், மிச்சம் இருக்கிறதுக்குத் தான் சாஃப்ட்வேர். அவங்க நாய்ஸ நிறுத்த ஒரு மலையையே கேட்டாங்க. நாம ஒரு வயர் போட யோசிக்கிறோம்.

ஸ்டோர்ல இப்ப என்ன நெலமைன்னா, டிஸ்ப்ளேல ஆவரேஜ் இருக்கு (ஆமா, கடைசில நாலே நாலு ரீடிங்குக்கு மட்டும் போட்டேன், அதுவும் எல்லாம் சரி பண்ணினதுக்கு அப்புறம்). கூடவே ஒரு சின்ன விளக்கு இருக்கு. பெரிய ரீடிங்குக்கும் சின்ன ரீடிங்குக்கும் ரெண்டு டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா செவப்பா எரியும். பெரியவருகிட்ட "ஐயா, இது எரிஞ்சா மிசின நம்பாதீங்க, கையப் பாருங்க"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அவரு சிரிச்சுட்டு, "எரியாட்டியும் கையத் தான் தம்பி பாப்பேன்"ன்னாரு. :)

டிஸ்கி 1: போன வருசப் பதிவ அழிக்கல. அழிச்சா அதுவும் ஒரு ஃபில்டர் தான். மேல பெருசா "இது தப்பு"ன்னு எழுதி இந்தப் பதிவுக்கு வழி காட்டியிருக்கேன். எடுத்துப் போட்ட நண்பர்களும் தயவு செஞ்சு அத செஞ்சிடுங்க.

டிஸ்கி 2: பின்னூட்டத்துல கும்ம வர்றவங்க கும்முங்க. ஆனா கச்சா ரீடிங்கோட வாங்க, ஆவரேஜோட வராதீங்க!